“எவ்வளவு வந்தாலும் பத்தலையே!” – வாசகர் கேள்விகளும் பதில்களும்

“கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘பத்தாது, பத்தாது’ என்று மனசு அடித்துக்கொள்கிறதா? எழுதுங்கள்” என்று கேட்டிருந்தோம். மதுரை நகரிலிருந்தும் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. குடும்பக் கணக்கும் மனநலமும் தெரிந்த எங்கள் குழு ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறது. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மாட்டுத்தாவணியில் பூ வாங்கி வந்து கட்டி விற்கிறேன். தண்டல் 10,000 எடுத்தால் 8,500தான் கைக்கு வரும். தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த தண்டல் எடுக்கும்படி ஆகிவிடுகிறது. “எப்பப் பார்த்தாலும் இல்ல இல்லன்னு சொல்றதாலதான் ஒனக்கு இல்ல, மனச மாத்து” என்கிறார்கள். மனசை மாற்றினால் பணம் வருமா?
– வாசகி, வில்லாபுரம்

வராது அம்மா. உங்கள் வாயையும் மனசையும் குறை சொல்பவர்கள் உங்கள் கணக்கைப் பார்க்கவில்லை. நாளை காலையில் தண்டல்காரர் வந்து நிற்பார் என்ற நினைப்பு தலையை நிறைத்துக்கொள்ளும்போது, அடுத்த மாதத்தைப் பற்றி யோசிக்க யாராலும் முடியாது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. கரும்புப் பணம் வருவதற்கு முன், அடகும் கடனுமாக இருந்த நாட்களில் ஒரு முறையும், பணம் வந்தபின் ஒரு முறையும் அதே ஆட்களிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்தபின் அவர்களே கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். புத்தி அதேதான், பணமுடைதான் விலகியிருந்தது. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்து, 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில் இப்படி வித்தியாசம் தெரியவில்லை. மாதச் சம்பளக்காரரின் கடைசி வாரமும், கரும்பு வெட்டினால்தான் பணம் என்றிருப்பவரின் கடைசி மாதமும் ஒன்றல்ல என்பது எங்கள் கருத்து. உங்கள் நிலை கரும்பு விவசாயியின் நிலைக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது.

இப்போது கணக்கு. 8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்புகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் 100 நாளும் உங்கள் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி என்றால் மாதம் பத்து வட்டிக்கும் மேல்; வருடத்துக்கு நூற்றுக்கு 130 ரூபாய் அளவில் வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். தினம் 2,000 ரூபாய்க்குப் பூ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் போட்ட முதல் ராத்திரிக்குள் கைக்குத் திரும்பிவிடுகிறது. அப்படியானால் தொழிலுக்கு உங்களுக்கு வேண்டியது 2,000 மட்டுமே. மீதி 6,500 வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது, தவணையைக் கட்டுவதோ பூக்கூடை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் “வியாபாரத்தில் ஒன்றும் நிற்கவில்லை” என்று தோன்றுகிறது.

இனிச் செய்ய வேண்டியது. நடக்கிற தண்டலைத் தொடர்ந்து கட்டுங்கள், திடீரென்று நிறுத்த வேண்டாம். அதோடு தினமும் போணியானதும் 30 ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள். ராத்திரி மிஞ்சுவதில் எடுத்து வைக்கலாம் என்று இருந்தால் ஒரு நாளும் மிஞ்சாது. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி பெயரில் ஹோட்டல் நடத்துகிறவர்கள் அன்றைய முதல் வரவைச் சாமிக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் கல்லாவைப் பார்ப்பார்கள். வருடத் திருவிழாவின் பிரியாணி அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. முதலில் எடுத்தால்தான் சேரும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

100 நாளில் 3,000 சேரும். அடுத்த தண்டலை 10,000 எடுக்காமல் 5,000 எடுங்கள். கைக்கு 4,250 வரும், தினத் தவணை 50. உங்கள் 3,000-ஐயும் சேர்த்தால் 7,250. வழக்கமாக வாங்கியதைவிட 1,250 குறையும். அந்த ஒரு முறை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே தினம் 130 ரூபாய் எடுத்து வைத்துப் பழகிவிட்டீர்கள். அதில் 50 தவணைக்கும் 80 டப்பாவுக்கும் போகட்டும். இன்னொரு 100 நாளில் 8,000 ரூபாய் உங்கள் சொந்தப் பணமாக நிற்கும். இத்தனை நாள் தண்டலில் கைக்கு வந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதானே.

எங்கே சறுக்கும்? சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனை ஆய்வாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கிவிட்டார்கள். கடனை அடைப்பதும், காய்ச்சலுக்கும் மழை நாளுக்கும் கொஞ்சம் கையில் வைப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும். அதனால் 8,000 சேர்ந்ததும் முழுவதையும் பூவில் போடாதீர்கள். 2,000 தொழில் முதல், மீதி அசையாமல் இருக்கட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, விற்பனை படுக்கும். அந்த நாட்களில் டப்பாவில் போடாவிட்டால் பரவாயில்லை, எடுக்காமல் இருந்தால் போதும். டப்பாப் பணத்தை வாரம் ஒருமுறை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுங்கள். 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். வீட்டில் இருக்கிற பணத்துக்கு எல்லோரும் சொந்தக்காரர்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் உங்களுக்கு வருகிறதென்றால், அதையும் தொடாமல் டப்பாப் பணத்தோடு சேர்த்தால் முதல் 3,000-க்கு 100 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

மாநகராட்சியின் தெருவோர வியாபாரி அடையாள அட்டை இருந்தால், தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு ஏற்பாடு செய்திருக்கும் பி.எம். ஸ்வநிதி கடனுக்கு வங்கியில் கேளுங்கள். 2020-இல் முதல் கடன் 10,000 ரூபாயாகத் தொடங்கியது, 2025 திருத்தத்தில் அது 15,000 ஆனது. முதலில் அந்தப் பணத்தில் தண்டலை அடையுங்கள். யாராவது வட்டிக்காக மிரட்டினால், கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம், காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்.

கேள்வி: அரை ஏக்கரில் மல்லிகை. தை மாதத்தில் கிலோ 3,000 போகும்போது செடியில் பூ இல்லை. பூ கொட்டும்போது விலை இல்லை. “நமக்குன்னு வந்தா இப்படித்தான்” என்ற நினைப்பு மாற மாட்டேன் என்கிறது.
– வாசகர், உசிலம்பட்டி அருகே

உங்களுக்கென்று வந்து நடப்பதல்ல இது. பனியிலும் குளிரிலும் மொட்டு வராது. எல்லோர் தோட்டத்திலும் வராததால்தான் விலை 3,000-க்கு ஏறுகிறது. எல்லோர் தோட்டத்திலும் கொட்டும்போது இறங்குகிறது. விலையை மட்டும் நினைவில் வைத்திருந்தால் வருடம் முழுக்க நஷ்டப்பட்ட மாதிரியே இருக்கும். ஒரு பேச்சுக்கு: தையில் ஒரு நாள் 1 கிலோ, விலை 3,000. வைகாசியில் ஒரு நாள் 15 கிலோ, விலை 250, அதாவது 3,750. பறிப்புக் கூலி வைகாசியில் பல மடங்கு என்பதால் கையில் நிற்பது இதைவிடக் குறையும். ஆனாலும் வைகாசியை “விலையில்லாத மாதம்” என்று ஒதுக்கிவிட முடியாது.

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: கிலோ, விலை, கமிஷன், பறிப்புக் கூலி. தினமும் நிகரத்தை மட்டும் வட்டம் போட்டு வைத்து, ஒரு வருடம் முடிந்ததும் மருந்து, உரச் செலவையும் கழித்துக் கூட்டுங்கள். 1,30,000 வந்தால் 52 வாரத்துக்கு வாரம் 2,500. அதுதான் உங்கள் சம்பளம். நல்ல வாரத்தில் 9,000 வந்தாலும் வீட்டுக்கு எடுப்பது 2,500. மிச்சம் வேறு கணக்கில் நிற்கட்டும். கார்த்திகையில் கவாத்து செய்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் செடியை வெட்டிவிட்டால் மாசி, பங்குனி வரை பெரிதாக வரவு இருக்காது. அந்த மூன்று, நான்கு மாதத்துக்கும் வாரம் 2,500 என்றால் ஏறக்குறைய 40,000 கையிருப்பு வேண்டும். முதல் வருடம் அது முழுதாகச் சேராது. பாதி சேர்ந்தாலே நிலைமை வேறு.

இந்தக் கையிருப்பு இல்லாததால்தான் பனி மாதத்தில் கமிஷன் கடையில் முன்பணம் வாங்க நேர்கிறது. வாங்கிவிட்டால் சித்திரையில் பூவை அந்தத் தராசுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு 20 ரூபாய் கூட என்றாலும் போக முடியாது. நாளுக்கு 15 கிலோ என்றால் 300 ரூபாய். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று சொல்லும்போது இந்த 300-ஐ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கவாத்து நேரத்தில் ஒரு எச்சரிக்கை. கையில் பணம் இல்லாதவர்கள் “இன்னும் பத்து நாள் பறித்துக்கொள்ளலாம்” என்று கவாத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். பத்து நாள் பூவுக்காக அடுத்த பருவத்தின் முதல் பூ பிந்துகிறது. மொட்டுப்புழு மருந்தைத் தள்ளிப்போடுவதும் இதே கதைதான். கையில் இல்லாத நாளில் எடுக்கிற முடிவு அடுத்த பருவத்திலும் கைவைக்கிறது. அதனால் கவாத்துக் கூலியையும் மருந்துச் செலவையும் வைகாசிப் பணத்திலேயே எடுத்து, மேலே பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: 4,999 ரூபாய் கட்டினால் இரண்டே நாளில் “செல்வ மனநிலை” வரவைக்கும் பயிற்சி என்கிறார்கள். போகலாமா? அங்கேயே மாதம் 5 வட்டி தருகிற திட்டமும் சொல்கிறார்கள்.
– வாசகர், திருநகர்

போக வேண்டாம். மாதம் 5 வட்டி என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 60. நேர்மையாக நடக்கிற எந்தத் தொழிலும் அதை எல்லோருக்கும் நிரந்தரமாகத் தர முடியாது. பின்னால் வருபவரின் பணத்தில்தான் முன்னால் வந்தவருக்கு வட்டி போகும். “சந்தேகப்பட்டால் செல்வம் வராது” என்று அங்கே சொல்லித் தருவது, நீங்கள் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்காக. சீட்டுப் போட ஆசை இருந்தால் 1982 சீட்டு நிதிச் சட்டத்தில் பதிவான சீட்டா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 வரை அது 5 ஆக இருந்தது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் ரசீதுகளோடு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். இத்தகைய வைப்புத்தொகை வழக்குகளுக்கு மதுரையிலேயே தனி நீதிமன்றம் இருக்கிறது.

கேள்வி: விசேஷ வீடுகளுக்கு மொய், சீர் என்று செய்முறை செய்தே ஓய்ந்துபோகிறோம். ஆவணியிலும் தையிலும் ஒரே நாளில் நாலு பத்திரிகை. போன தடவை அவர்கள் 1,000 செய்தால் நாம் 2,000 செய்ய வேண்டும். வட்டிக்கு வாங்கிச் செய்கிறோம். செய்யாவிட்டால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது.
– வாசகி, செக்கானூரணி

செய்முறையை விட்டுவிடச் சொல்ல மாட்டோம். ஒரு வீட்டுக் கல்யாணத்தை ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்துகிற ஏற்பாடு அது. வங்கிக்காரர் உள்ளே விடாத காலத்திலும் நம் வீடுகளில் காதுகுத்தும் கல்யாணமும் நடந்தது மொய் நோட்டினால்தான். உறவு இருக்கிறவருக்கு ஆத்திர அவசரத்துக்கு ஆள் இருக்கிறது. அதுவும் ஒரு சொத்துதான்.

கெடுப்பது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் கூட்டிக் கூட்டிச் செய்வது. 1,000 என்பது 2,000 ஆகி 4,000 ஆனால், மூன்றாவது விசேஷத்தில் இருவருக்குமே அது பாரம். இரண்டு, மொய்க்காக வட்டிக்கு வாங்குவது. 10,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 300, வருடத்துக்கு 3,600. அந்த 3,600 எந்த மொய் நோட்டிலும் ஏறாது. உங்கள் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரவே போவதில்லை.

வீட்டில் இருக்கிற பழைய பத்திரிகைகளையும் மொய் நோட்டையும் எடுத்து, போன இரண்டு வருடம் செய்ததைக் கூட்டுங்கள். 48,000 என்று வந்தால் மாதத்துக்கு 2,000. விசேஷம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கூட அந்த 2,000-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். செய்முறை எதிர்பாராத செலவல்ல. தேதி தெரியாத செலவு, அவ்வளவுதான். பிறகு உறவுகளைப் பிரியுங்கள். தாய்மாமன் சீர், உடன்பிறந்தார் வீடு இவற்றில் கை சுருக்க வேண்டாம். அங்கே சுருக்கினால் மனசு கேட்காது. மற்ற உறவில், அவர்கள் செய்ததை அப்படியே திருப்பிச் செய்து கணக்கை நேராக்குங்கள். பழக்கத்துக்காகப் பத்திரிகை வைப்பவர்களுக்கு ஒரே தொகை, 200 அல்லது 300, எல்லோருக்கும் அதே. தொகை முன்கூட்டியே முடிவாகியிருந்தால் மொய் மேசை முன்னால் போய் நின்று தடுமாற மாட்டீர்கள்.

இதை முதல் முறை செய்யும்போது நாலு பேச்சு வரும். அதற்குத் தயாராக இருங்கள். அந்த வீட்டுக்கு முதல் நாளே போய்க் காய்கறி நறுக்கவும் பந்தியில் நிற்கவும் செய்கிறவரை யாரும் எளிதில் குறை சொல்லிவிட மாட்டார்கள். உழைப்பைக் கூடுதலாகக் கொடுங்கள், வட்டிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் விசேஷம் வைக்கும்போது இதைவிடப் பெரிய தவறு காத்திருக்கிறது. “மொய் மூணு லட்சம் வரும்” என்று நம்பி மூன்று லட்சத்துக்குப் பந்தலும் விருந்தும் போட்டுவிடுவார்கள். வந்த மூன்று லட்சமும் திருப்பிச் செய்ய வேண்டிய பணம்தான். அதில் கால் பங்கையாவது, 75,000-ஐ, விசேஷம் முடிந்த வாரமே வைப்புத்தொகையில் போட்டால் அடுத்த சில வருடத்துச் செய்முறை அதிலிருந்தே நடக்கும்.

கேள்வி: பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். சால்னா மசாலாவை யாருக்கும் சொன்னதில்லை. கடைப் பையன் கற்றுக்கொண்டு தனிக்கடை போட்டுவிடுவானோ என்று பயம். அதனால் ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியவில்லை.
– வாசகர், மேலூர்

கடைசி வரியில் உங்கள் நஷ்டத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். காய்ச்சல் வந்தால் கடை மூடல். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் மூடல். ரகசியத்தைக் காப்பதற்கு நீங்கள் கொடுக்கிற விலை இது. மூடிய ஒரு நாளின் லாபத்தை ஒரு தாளில் எழுதி, வருடத்தில் எத்தனை நாள் மூடினீர்கள் என்பதோடு பெருக்கிப் பாருங்கள்.

பயம் எங்கே நியாயம், எங்கே நியாயமில்லை என்பதைப் பிரிக்க வேண்டும். அதே தெருவில், அதே நேரத்தில், அதே விலைக்குப் பையன் கடை போட்டால் உங்களுக்கு இழப்புதான். “எல்லோருக்கும் இடம் இருக்கிறது” என்று நாங்கள் பசப்ப மாட்டோம். ஆனால் அவன் நத்தத்திலோ சிவகங்கையிலோ போட்டால் உங்களுக்கு என்ன குறையும்? முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் ஊர் ஊராக இருக்கிற கடைகளுக்கு ஒரே முதலாளி கிடையாது. வடக்கம்பட்டிப் பக்கத்து ஆட்கள் சொந்தக்காரர் கடையில் வேலை பார்த்து, தொழில் கற்று, வேறு ஊரில் அதே பெயரில் தனிக்கடை போட்டுத்தான் அந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கடை கூடக் கூடப் பெயருக்கு மதிப்பு கூடியது.

மதுரையிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டுபவர்களின் பணத்திலிருந்தே, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் விழிலென்ஸின் இறக்குமதி விலை கட்டுப்படியாகாதபோது 1992-இல் அரோலேப் என்ற தங்கள் தயாரிப்பு நிறுவனம் மூலம் மதுரையிலேயே செய்யத் தொடங்கினார்கள். இதோடு நிற்காமல், ஒரே நாளில் இத்தனை அறுவை சிகிச்சை எப்படிச் செய்கிறோம் என்ற முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் எந்த ஒரு மருத்துவமனையும் முடித்துவிட முடியாத எண்ணிக்கையில் இருந்தார்கள். அப்படியிருக்க, அடுத்தவரோடு போட்டி எதற்கு? உங்கள் தொழிலிலும் கேட்க வேண்டியது அதுதான்: வாடிக்கை உங்கள் தெருவில் மட்டும் அளவானதா, மற்ற ஊர்களிலும் அப்படித்தானா?

செய்யும் முறை இது. சால்னாவைக் கைப்பக்குவத்தில் போடுவதை நிறுத்தி, இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று நிறுத்து எழுதுங்கள். ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தால் நீங்களே நாளுக்கு நாள் மாற்றிப் போடுவது தெரியும். மசாலாக் கலவையை நீங்கள் அரைத்துப் பொட்டலம் போட்டுக் கொடுங்கள், கொதிக்க வைக்கிற வேலை பையனுடையது. பரோட்டாவில் 80 கிராம் உருண்டை என்றால் கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய 20 வரும். கற்றுக்கொள்கிற மாதத்தில் கிலோவுக்கு இரண்டு, மூன்று வீணாகும். அதைப் படிப்புச் செலவாக முதலிலேயே ஒதுக்கிவிட்டால் அவன் மேல் கோபம் வராது. இரண்டு வருடம் இருந்தால் தனிக்கடைக்கு ஒரு கல்லும் அடுப்பும் நானே வாங்கித் தருகிறேன், இந்த ஊருக்குள் போடக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டாம் வருடம் மனஸ்தாபம்தான் மிஞ்சும். அவன் போன பிறகும் மைதாவையும் எண்ணெய் டின்னையும் சேர்ந்து எடுத்தால் இரண்டு பேருக்கும் மொத்த விலை கிடைக்கும்.

கேள்வி: வயது 41. வடபழஞ்சியில் கம்ப்யூட்டர் வேலை, சம்பளம் 85,000. கடன் இல்லை, சொந்த வீடு, வங்கியில் 14 லட்சம். ஆனாலும் ஆட்டோவுக்கு 80 ரூபாய் கொடுக்க மனசு வரவில்லை. தினமும் பத்து முறை பேலன்ஸ் பார்க்கிறேன். சின்ன வயதில் அப்பா வேலை பார்த்த மில் மூடியதும் நாங்கள் பட்ட பாடு மறக்கவில்லை. மனைவி வெறுத்துப்போய்விட்டார்.
– வாசகர், எஸ்.எஸ். காலனி

அன்று அந்தப் பயம்தான் உங்கள் வீட்டைக் காப்பாற்றியது. இன்று அதற்கு வேலை குறைந்துவிட்டது, போகத்தான் மாட்டேன் என்கிறது. “பயப்படாதே” என்று சொன்னால் அது போகாது. அந்தப் பயத்துக்கு ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். உங்கள் மாதச் செலவு 42,000 என்றால் ஆறு மாதத்துக்கு 2,52,000. வேலை போனால் இதில்தான் கைவைப்போம் என்று தனி வைப்புத்தொகையாகப் போட்டு, பத்திரத்தின் மேல் “வேலை போனால்” என்று எழுதுங்கள். 14 லட்சத்தையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். வங்கி முறிந்தால் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் (2020 முதல்). மூன்று வங்கிகளில் பிரித்தால் முழுப் பணமும் அதற்குள் அடங்கும். கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தமாக ஒன்று எடுங்கள், 41 வயதில் எடுப்பது 50-இல் எடுப்பதைவிட மலிவு.

இத்தனையும் செய்தபின், கட்டாயம் செலவழித்தே ஆக வேண்டிய தொகை என்று மாதம் 3,000 ஒதுக்குங்கள். மிச்சம் பிடிக்கக் கூடாது. மாதக் கடைசியில் மிஞ்சினால் அதை மனைவி செலவழிப்பார் என்பது விதி. முதல் மாதம் ஆட்டோ, ஜிகர்தண்டா என்று சின்னதில் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் சுற்றுலா போனால் திரும்பி வந்து மூன்று மாதம் அதற்காகவே வருந்துவீர்கள். பேலன்ஸ் பார்ப்பதைச் சனிக்கிழமை ஒரு முறையாக்குங்கள். முதல் இரண்டு வாரம் தவிப்பு கூடும், பிறகு தணியும். தணியாமல் தூக்கம் கெட்டால், நெஞ்சு படபடத்தால் அது பணப் பிரச்சினை அல்ல. அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். கட்டணம் இல்லை.

கேள்வி: எட்டாவது படிக்கும் மகன் தின்பண்டத்தைத் தங்கைக்குத் தராமல் ஒளித்து வைக்கிறான். கேட்டால் “நம்ம வீட்லதான் எதுவுமே இல்லையே” என்கிறான்.
– வாசகி, செல்லூர்

அவன் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறான். “காசே இல்ல” என்பதற்குப் பதில் “இந்த மாசம் இதுக்கு ஒதுக்கல, அடுத்த மாசம் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த மாதம் பாருங்கள். பார்க்காமல் விட்டால் இந்த வாக்கியத்துக்கும் மதிப்பு போய்விடும்.

ஒளித்து வைத்ததற்கு அடிக்க வேண்டாம். சமையலறையில் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பா வையுங்கள். வறுத்த கடலை, பொரி, கடலைமிட்டாய், எது கட்டுப்படியாகுமோ அது. யாரும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. டப்பா காலியாகும் முன்பே நிரப்ப வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். முதல் வாரம் மொத்தத்தையும் தின்றுவிடுவான், பாதியை ஒளித்தும் வைப்பான். அப்போது பூட்டி வைத்தால் எல்லாம் வீண். எப்போது திறந்தாலும் இருக்கிறது என்று அவனுக்கே உறுதிப்படச் சில வாரம் ஆகும், அதன் பிறகு ஒளிப்பது குறையும். வாரத்துக்கு அரைக் கிலோ கடலை போதும்.

பங்கு பிரிப்பதில் ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் முதலில் எடுக்கட்டும். நீங்கள் நடுவில் வராதீர்கள். சித்திரைப் பொருட்காட்சிக்குப் போகும்போது 200 ரூபாயை அவன் கையில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்: ராட்டினமா, டெல்லி அப்பளமா, பொம்மையா, அவன் முடிவு. வாசலிலேயே தீர்த்துவிட்டு அழுதால் மேலும் கொடுக்காதீர்கள், திட்டவும் செய்யாதீர்கள். தங்கைக்கு அவன் தானாக ஏதாவது வாங்கிக் கொடுத்தாலும் ஊரறியப் பாராட்ட வேண்டாம். பாராட்டுக்காகக் கொடுத்தால் அடுத்த முறை ஆள் பார்த்துத்தான் கொடுப்பான். அவள் கையில் இருப்பதில் ஒரு துண்டு அவனுக்கு வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.